‘உழைப்பு’ தலைப்புக்குப் போட்டிப் படம்: முதல் தடவை அனுப்பறேன், எப்படித் திட்டமிடறது?

பாலக்கோட்டான்:

வணக்கம். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். மாவட்ட அளவில் நடக்கற ஒரு புகைப்படப் போட்டிக்கு முதல் தடவையா படம் அனுப்பலாம்னு இருக்கேன். தலைப்பு ‘உழைப்பு’. தனிப்படம் ஒரு பிரிவு, ஐந்து படத் தொடர் இன்னொரு பிரிவு. ஒருத்தர் ஏதாவது ஒண்ணுக்குத்தான் அனுப்பலாம். கடைசி நாள் மார்ச் 10.

நிபந்தனைகள்: ஜேபெக் கோப்பு, நீளப் பக்கம் குறைஞ்சது 3000 பிக்சல், 8 எம்பிக்குள். கடந்த ஒரு வருஷத்துக்குள்ள எடுத்ததா, வேற எங்கயும் வெளியாகாததா இருக்கணும். வாட்டர்மார்க், பார்டர் கூடாது. வெட்டறது, வெளிச்சம், நிறம் திருத்தறது சரி. எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, ஏஐ கூடாது. தேர்வானா மூலக் கோப்பு கேப்பாங்க. முகம் தெரியறவங்ககிட்ட எழுத்துல ஒப்புதல் வாங்கணும். தேர்வான படங்களை 12க்கு 18 அங்குலத்தில் அச்சடிச்சுக் கண்காட்சியா வைப்பாங்க.

கையில் இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ், 50 எம்எம் 1.8 லென்ஸ், ஒரு சாதாரண டிரைபாட். ஃபிளாஷ் இல்லை. ஏபர்ச்சர் (லென்ஸ் திறப்பு, எஃப் எண்), ஷட்டர் (வெளிச்சம் விழற நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) என்னன்னு தெரியும், ஆனா மேனுவல்ல வேகமா மாத்த வராது. சனி, ஞாயிறுதான் நேரம்.

என் யோசனை: ஒகேனக்கல்ல சாயங்காலம், சூரியனுக்கு எதிரா பரிசல்காரர், கறுப்பு உருவமா. இது போதுமா? இல்லைன்னா வேற என்ன எடுக்கலாம், எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

நிழற்கூடு:

தம்பி, பரிசல் யோசனையைப் பத்தி முதல்ல பேசிடலாம். கறுப்பு உருவமா எடுத்தா முகத்து வேர்வை, துடுப்பைப் பிடிச்ச விரல், தோள்ல ஏறுற பாரம் எல்லாம் கறுப்புக்குள்ள போயிடும். மிஞ்சறது வானமும் ஒரு வடிவமும்தான். பாக்கறவங்க ‘சாயங்காலம் அழகா இருக்கு’ன்னு சொல்வாங்க, ‘உழைப்பு’ன்னு சொல்லமாட்டாங்க. அதோட அங்க ஆறு பள்ளத்தாக்குக்குள்ள ஓடுது. சூரியன் சிவந்து கீழ இறங்கறதுக்குள்ள மலைக்குப் பின்னால போயிடும். இந்த மாவட்டத்துல ‘உழைப்பு’ன்னு தலைப்பு கொடுத்தா பரிசலும் ஏர்க்கலப்பையும் நிறைய வரும்ங்கறதையும் கணக்குல வைங்க.

தலைப்புக்குப் படம் தேடறதுக்கு முன்னாடி ஒரு வாக்கியம் எழுதுங்க. யார், எதை, எதால, என்ன செய்யறாங்க, அதுல எது கஷ்டம். உதாரணத்துக்கு: ‘ஒரு கிலோ புளியில கொட்டை எடுக்க ஒரு கை நூத்துக்கணக்கான தடவை சுத்தியலைத் தூக்கி இறக்குது.’ இப்படி எழுதினதும் படத்துல என்னென்ன இருக்கணும்னு தானா தெரிஞ்சுடும். கை, சுத்தியல், கல், கூடவே இன்னும் தட்டாத குவியல். குவியல் இல்லாம வெறும் கையை மட்டும் எடுத்தா ‘நூத்துக்கணக்கான தடவை’ங்கறது காணாமப் போயிடும். வாக்கியம் சரியா அமையலைன்னா கேமராவை எடுக்கவே வேண்டாம்.

புளியை நான் உதாரணத்துக்கு மட்டும் சொல்லலை. உங்களுக்கு அதையே எடுக்கச் சொல்றேன். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் புளி வேலை நடக்குது, மார்ச் 10க்கு முன்னாடி சீசன் உங்க கையில இருக்கு. மரத்துல ஏறிக் கிளையை உலுக்கறது, கீழ பொறுக்கறது, வெயில்ல காய வைக்கறது, ஓடு உடைக்கறது, நார் உரிக்கறது, கல்லுல வெச்சுத் தட்டிக் கொட்டையைப் பிரிக்கறது, மூட்டை பிடிக்கறதுன்னு வரிசையா வேலை இருக்கு. எல்லாத்தையும் விட முக்கியமான காரணம், கொட்டை தட்டறது ஒரே இடத்துல உக்காந்து செய்யற வேலை. வெளிச்சம் மாறாது, ஆள் நகர மாட்டாங்க, அதே அசைவு திரும்பத் திரும்ப வரும். முதல் தட்டல்ல தவறினா அடுத்த நொடியே இன்னொரு வாய்ப்பு. சந்தையில அப்படி இல்லை, மூட்டை ஒரு தடவைதான் முதுகுல ஏறும். மேனுவல்ல வேகமா மாத்த வராதுன்னு சொல்றவருக்கு இந்த மாதிரி வேலைதான் பொருந்தும்.

இன்னொண்ணு. புதுப்புளி செந்தவிட்டு நிறத்துல பளபளன்னு இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். படத்துல புதுசுதான் நல்லா வரும். பழைய சரக்கு நிழல்ல கறுப்புக் கட்டியாத்தான் தெரியும். அதனால பிப்ரவரியிலயே வேலையைத் தொடங்குங்க.

வாரக் கடைசிகளைப் பிரிச்சுக்கலாம். முதல் வாரம் போன் மட்டும் எடுத்துட்டுப் போய் மூணு நாலு இடம் பாருங்க. எந்தத் திண்ணை எந்தத் திசை பாத்திருக்கு, எத்தனை மணிக்கு வெயில் உள்ள வருது, பின்னாடி சுவத்துல என்ன மாட்டியிருக்கு, எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு குறிச்சுக்குங்க. ரெண்டாவது வாரம் ஒரே ஒரு இடத்துல எடுங்க. அன்னிக்கு எடுத்ததைப் பெரிய திரையில போட்டுப் பாத்து என்ன குறையுதுன்னு எழுதிட்டு, மூணாவது வாரம் அதே இடத்துக்கு அந்தக் குறைக்காக மட்டும் போங்க. நல்ல படம் பெரும்பாலும் இந்த மூணாவது வாரத்துலதான் கிடைக்கும். ஆளுங்க உங்களை மறந்துடுவாங்க, எங்க உக்காரணும்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நாலாவது வாரம் தேர்வு, திருத்தம், சோதனை அச்சு.

தனிப்படமா தொடரான்னா, தொடருக்கு எடுக்கற மாதிரியே எடுங்க, அனுப்பறப்போ தனிப்படமா அனுப்புங்க. ஐந்துல ஒண்ணு சுமாரா இருந்தாலும் மத்த நாலையும் கீழ இழுத்துடும். ஐந்தும் தனித்தனியா நிக்குதுன்னு ரெண்டு பேராவது சொன்னா மட்டும் தொடருக்குப் போங்க.

மெல்லொளி:

நிழற்கூடு சொன்ன இடத்திலிருந்து வெளிச்சத்தைப் பற்றித் தொடர்கிறேன்.

பிப்ரவரி நடுவில் நம் பக்கம் சூரியன் காலை 6.40 ஒட்டி உதித்து மாலை 6.20 ஒட்டி மறைகிறது. நாள் முழுக்கத் தெற்கே சற்றுச் சாய்ந்தே போகும். ஆகவே தெற்குப் பார்த்த திண்ணையில் பகலெல்லாம் பாதி வெயில், பாதி நிழல். அந்தக் கோடு முகத்திலோ கையிலோ விழுந்தால் ஒரு பக்கம் வெளுத்துப் போகும், மறுபக்கம் இருண்டுவிடும். வடக்குப் பார்த்த திண்ணை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் வராது, திறந்த வானத்தின் மென்மையான வெளிச்சம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து வரும். கிழக்குப் பார்த்ததென்றால் ஒன்பது மணி வரை சாய்ந்த வெயில் உள்ளே வரும், அது வேறு வகையில் அழகு. மதியம் பதினொன்று முதல் மூன்று வரை வெளிக்களத்தில் எடுக்க வேண்டாம். கண்குழியில் கறுப்பு நிழல் விழும், தலைத்துண்டு முகத்தை மறைக்கும்.

நீங்கள் சுவருக்கு அருகே, வாசல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் தட்டையாகும், உங்கள் நிழலும் அவர்கள் மேல் விழும். வாசலை எதிரே வைத்தால் ஆள் கறுத்துவிடுவார். பக்க வெளிச்சத்தில்தான் விரல் கணுக்களும் புளியின் நாரும் புடைத்துத் தெரியும்.

மேனுவலில் வேகமாக மாற்ற வராது என்பது இங்கே தடையே இல்லை. வெளிச்சம் மாறாத இடத்தில் மேனுவல்தான் எளிது, ஒருமுறை வைத்துவிட்டால் மேகம் மூடும்வரை தொட வேண்டாம். வாசலை ஒட்டிய திண்ணையில் எஃப் 4, ஐஎஸ்ஓ 400, 1/250 என்று தொடங்கிப் பாருங்கள். உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தால் ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 தேவைப்படும், 1500டியில் 1600 வரை 12க்கு 18 அச்சுக்குத் தைரியமாகப் போகலாம். 18-55 லென்ஸில் 55 பக்கம் போனால் எஃப் 5.6தான் கிடைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். வலது ஓரத்தில் முட்டினால் ஷட்டரை ஒரு படி வேகமாக்குங்கள். தானியங்கி முறையில் விட்டால் கறுத்த சுவரும் கறுத்த புளியும் சேர்ந்து கேமராவை ஏமாற்றி நெற்றியையும் மூக்கு நுனியையும் வெளுக்கச் செய்யும்.

இப்போது சுத்தியல். தலை நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/125இல் அது இரண்டரை செ.மீ. நகர்ந்திருக்கும், பாதி மங்கல், பாதி கூர்மை என்று தவறு போலத் தெரியும். 1/500இல் 6 மி.மீ., ஏறக்குறைய நின்றது போல இருக்கும். ஆனால் முழுதாக உறைய வைத்தால் சுத்தியல் சும்மா கையில் பிடித்திருப்பது போலவும் ஆகிவிடும். வேலையின் வேகம் தெரிய வேண்டுமானால் 1/30இல் 10 செ.மீ. அளவுக்கு ஒரு கோடாக இழுபடும். அப்போது பழத்தைப் பிடித்திருக்கும் மற்றொரு கையும் முகமும் கூர்மையாக இருக்க வேண்டும், அவையும் ஆடினால் படம் வீண். முழங்கைகளை முழங்காலில் ஊன்றி நிறைய எடுங்கள். இரண்டு வகையையும் எடுத்து வையுங்கள், நான் இழுபட்டதையே தேர்ந்தெடுப்பேன். சுத்தியல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அது நின்றேதான் திரும்பும். அந்த நேரத்தில் அமுக்கினால் 1/250 போதும், இறங்கப் போகிற விசையும் தோளில் தெரியும்.

தொடர்படம் வைத்து அமுக்கிப் பிடித்தால் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேமராவின் வேகம் நொடிக்கு 3 படம். தட்டும் வேகம் அதோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு படத்திலும் சுத்தியல் ஒரே தவறான இடத்தில் இருக்கும். தாளத்தைக் காதால் கேட்டு, ஒவ்வொன்றாக அமுக்குங்கள்.

ஃபோகஸ் நடுப்புள்ளியில் மட்டும். 1500டியில் உள்ள ஒன்பது புள்ளிகளில் நடுவில் இருப்பதுதான் குறைந்த வெளிச்சத்தில் நம்பத்தக்கது. கல்லின் மேல் இருக்கும் விரலில் ஃபோகஸ் பிடித்துவிட்டு லென்ஸ் சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிடுங்கள். சுத்தியல் அதே இடத்துக்குத்தான் வரும். நீங்கள் முன்னே பின்னே நகர்ந்தால் மட்டும் மறுபடி பிடிக்க வேண்டும்.

50 எம்எம் லென்ஸை 1.8இல் திறந்து வைக்கத் தோன்றும். ஒரு மீட்டர் தூரத்தில் அதில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மூன்று செ.மீ.கூட இல்லை. விரல் கூர்மை, மணிக்கட்டு மங்கல், குவியல் காணவே காணோம். எஃப் 4இல்கூட ஆறு செ.மீ.தான். இந்தத் தலைப்புக்கு 18-55இல் 24 முதல் 35 வரை, எஃப் 5.6, ஒரு மீட்டர் தூரம் என்பதே என் தேர்வு. 35இல் பதினேழு செ.மீ. போலக் கிடைக்கும், கையும் கல்லும் தெளிவாக இருக்கும், பின்னால் குவியலும் அடையாளம் தெரியும்.

உயரமும் முக்கியம். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் தரையும் தலை உச்சியும்தான் வரும். தரையில் சம்மணம் போட்டு, கேமராவைக் கல்லின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

பாலக்கோட்டான்:

நிழற்கூடு அண்ணா, மெல்லொளி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் பக்கத்துல ரெண்டு இடம் பாத்தேன். ஒண்ணு வீட்டுத் திண்ணை, கிழக்குப் பாத்தது, மூணு அம்மாக்கள். இன்னொண்ணு ஒரு வியாபாரியோட கொட்டகை, பதினஞ்சு பேருக்கு மேல, ஆனா மேல முழுக்க நீலத் தார்ப்பாய். போன்ல எடுத்தா எல்லார் முகமும் நீலமா வருது. அதைத் திருத்த முடியுமா? வேலை செய்யறவங்களை வாசல் பக்கம் திரும்பி உக்காரச் சொல்லலாமா? ரெண்டு இடத்துலயும் சின்னப் பசங்க கூட உக்காந்திருந்தாங்க, அவங்களை எடுக்கலாமா?

கணுக்கை:

நீலத் தார்ப்பாய்: விட்டுடுங்க, திண்ணைக்கே போங்க. ஒயிட் பேலன்ஸ்ல (வெளிச்சத்தோட நிறத்தைச் சமன் செய்யற அமைப்பு) சரிபண்ணலாம்னு தோணும். ஆனா மேலிருந்து வர்றது நீலம், ஓரத்துலேருந்து வர்றது சாதா பகல் வெளிச்சம். நீலத்தைக் கழிச்சா ஓரமெல்லாம் ஆரஞ்சா மாறும். புளியோட செந்தவிட்டு நிறம் நீல வெளிச்சத்துல ஊதாக் கறுப்பாத்தான் பதிவாகும், பிற்பாடு அதை மீட்க முடியாது. அந்தக் கொட்டகைதான் வேணும்னா ஓரத்துல உக்காந்திருக்கறவங்களை மட்டும் எடுங்க, இல்லைன்னா கறுப்பு வெள்ளைக்கு மாத்துங்க. அதுக்கு உங்க போட்டி விதி இடம் கொடுக்குதான்னு கேட்டுக்குங்க.

திரும்பி உக்காரச் சொல்றது: என் கருத்து, வேண்டாம். எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாதுன்னு விதி வெச்சிருக்கறவங்க மூலக் கோப்பையும் கேக்கறாங்கன்னா, நடந்ததை நடந்தபடி எதிர்பாக்கறாங்கன்னு அர்த்தம். முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பாத்தா ஆளை நகத்தினது தெரிஞ்சுடும். அதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. அந்த வேலைக்குக் கூலி கிலோ கணக்கு. நீங்க ‘கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா’ன்னு நிறுத்தற ஒவ்வொரு நிமிஷமும் அவங்க கூலியில கழியும். கல், குவியல், கூடை எல்லாம் கைக்கு எட்டற தூரத்துல ஒரு கணக்கோட வெச்சிருப்பாங்க, அதைக் கலைக்கக் கூடாது. நீங்க நகருங்க. ஒரு அடி இடது பக்கம் போனா பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் நாற்காலியும் மின் மீட்டரும் மறைஞ்சுடும்.

ஒப்புதல்: கொட்டகையில வியாபாரி சரின்னு சொன்னா மத்தவங்க சரின்னு சொன்னதா ஆகாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாக் கேளுங்க. தமிழ்ல நாலு வரி போதும்: பேர், ஊர், ‘இந்தப் படத்தைப் போட்டிக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்தச் சம்மதம்’, தேதி, கையெழுத்து அல்லது கைரேகை. படிக்க வராதவங்களுக்கு சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, பரிசுப் பணம் இருந்தா அதையும் சொல்லுங்க. படம் எடுத்த பிறகு கேக்கறதை விட டீ நேரத்துல, முன்னாடியே கேளுங்க. காசு கொடுத்து எடுக்காதீங்க, காசு கைமாறினதும் வேலை நடிப்பா மாறிடும். அதுக்குப் பதிலா அடுத்த வாரம் போறப்போ 4க்கு 6 பிரிண்ட் போட்டு ஆளுக்கொண்ணு கொடுங்க. அவங்க நேராப் பாத்துச் சிரிக்கற படமாக் கொடுங்க, அதுதான் அவங்களுக்கு வேணும்.

சின்னப் பசங்க விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. லீவு நாள்ல அம்மாகூட வந்து உக்காந்திருக்கற பையன் கையில சுத்தியல் இருக்கற படம் கண்காட்சியில தொங்கினா, அது அந்தக் குடும்பத்துக்கும் அந்த இடத்துக்கும் வம்பா முடியலாம். ‘உழைப்பு’ங்கற தலைப்புக்குக் கீழ அப்படி ஒரு படம் போனா யாரும் அதை லேசா எடுத்துக்க மாட்டாங்க. சட்டகத்துக்குள்ள பசங்க வராத கோணத்தைப் பிடிங்க, வந்துட்டா அந்தப் படத்தை ஒதுக்கிடுங்க.

கேமராவுக்கும் ஒரு எச்சரிக்கை: ஓடு உடைக்கற இடத்துல தூசி நிறைய. அங்க லென்ஸ் மாத்தாதீங்க. சென்சார்ல ஒட்டின தூசி எஃப் 11க்கு மேல போனா வானத்துல புள்ளி புள்ளியாத் தெரியும். ஆனா அதே தூசியைப் படத்துக்கும் பயன்படுத்தலாம். முறத்துல புடைக்கறப்போ காலை வெயில் எதிர்ப்பக்கத்திலேருந்து வந்தா ஓட்டுத்தூள் பறக்கறது பொன்னாத் தெரியும். அதுக்கு வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியா) குறைச்சு, பின்னாடி இருட்டா இருக்கற இடத்தைப் பாத்து எடுங்க. உங்க கிழக்குத் திண்ணை ஒன்பது மணிக்கு முன்னாடி இதுக்கு நல்லா அமையும்.

பர்கூர் ராகி:

கிருஷ்ணகிரி பக்கத்துலேருந்து ரெண்டு வார்த்தை. புளி நல்ல தேர்வு. மழை வந்து கெட்டாலோ ஆள் சம்மதிக்கலைன்னாலோ கைவசம் இன்னொண்ணு இருக்கட்டும்.

மாங்காய்னு யோசிக்காதீங்க, பிப்ரவரியில இங்க பூதான் இருக்கும். அறுவடை மே மாசத்துலதான் சூடு பிடிக்கும். ஓசூர் ரோஜா பசுமைக்குடில்ல பிப்ரவரி 14க்கு முன்னாடி வேலை மும்முரமா இருக்கும். வெள்ளை ஷீட் வழியா இறங்கற வெளிச்சம் நிழலே இல்லாம மிருதுவா இருக்கும், ஆனா உரிமையாளர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வேணும். காலைக் குளிர்ல இருந்து குடிலுக்குள்ள போனதும் லென்ஸ்ல ஆவி படியும். துடைச்சுக்கிட்டே இருக்காம கால் மணி நேரம் பையைத் திறந்து வைங்க, தானா போயிடும்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் உங்களுக்குப் பக்கம். விடியறதுக்கு முன்னாடி எல்இடி விளக்குல எடுத்தா படத்துல குறுக்கால பட்டை பட்டையா வரலாம். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/100 இல்லைன்னா 1/50ல வைங்க, பட்டை போயிடும். அந்த வேகத்துல நடக்கற ஆள் மங்குவாரு, அதனால பெட்டியைத் தூக்கித் தோள்ல நிறுத்தற கணத்துக்குக் காத்திருங்க. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியும் இருக்கு, அதிகாரிகிட்ட கேட்டுட்டுப் போகணும். வெள்ளைக் குவியலைக் கேமரா சாம்பலாக்கிடும், ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்க.

பரிசல்தான் வேணும்னா ஓட்டறதை விட்டுட்டுத் தூக்கறதை எடுங்க. பரிசலைக் கவிழ்த்துத் தலையில வெச்சுப் பாறையில ஏறி வர்ற ஆளுக்கு முகம் பாதி நிழல்ல இருக்கும், கழுத்து நரம்பு தெரியும். பாரம்னா என்னன்னு அதுல தெரியும். மூங்கில் பிளாச்சு பின்னறதும் அடியில தார் பூசறதும் கூட எடுக்கலாம். பிப்ரவரியில தண்ணி குறைவு, கர்நாடக அணையிலேருந்து தண்ணி திறந்து பரிசலை நிறுத்தற தொல்லை பெரும்பாலும் மழைக்காலத்துலதான். அருவிச் சாரல்ல லென்ஸ் முன்னாடி துளி விழும், மைக்ரோஃபைபர் துணி ரெண்டு வெச்சுக்குங்க.

அச்சுமை:

படம் எடுத்த பிறகு நடக்கும் வேலையில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாளிலிருந்தே கேமராவில் ரா (கேமரா திருத்தாமல் பதியும் கோப்பு), ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வையுங்கள். மூலக் கோப்பு கேட்பவர்களிடம் ராவைக் கொடுத்தால் கேள்வி எழாது. திருத்த கேனானின் டிபிபி மென்பொருள் இலவசம், டார்க்டேபிளும் இலவசம்.

தேர்வு செய்யும்போது அதே நாளில் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, முதல் சுற்றில் கூர்மை தவறியதை மட்டும் தள்ளுங்கள். இழுபட்ட சுத்தியலைக் கூர்மை இல்லை என்று தள்ளிவிடாதீர்கள், விரலும் கண்ணும் கூர்மையா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் எல்லாப் படத்தையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் எது வேலை, எது குவியல் என்று புரிகிற படம் மட்டும் நிற்கட்டும். நடுவர் முதல் பார்வையில் ஏறக்குறைய அந்த அளவில்தான் பார்ப்பார். மூன்றாவது சுற்றில் தலைப்பைச் சொல்லாமல் வெளியாள் ஒருவரிடம் காட்டி ‘இதில் என்ன நடக்கிறது’ என்று கேளுங்கள். ‘ஒரு பாட்டி உட்கார்ந்திருக்காங்க’ என்று பதில் வந்தால் அது உருவப்படம், போட்டிக்குப் போகாது.

தொடர் அனுப்புவதாக இருந்தால் ஐந்தும் ஐந்து வேலை செய்ய வேண்டும். மரமும் களமும் தெரியும் அகலப் படம் ஒன்று, வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்று, கையும் சுத்தியலும் ஒன்று, முறத்தில் புடைப்பது ஒன்று, கட்டிய மூட்டை தராசில் ஏறுவது ஒன்று. இரண்டு படங்களில் ஒரே தூரத்திலிருந்து கைகள் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறமும் ஐந்திலும் ஒத்திருக்க வேண்டும், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் எண்ணைக் கையால் கொடுங்கள்.

வெட்டுவதில் கை தாராளம் வேண்டாம். உங்கள் கேமரா தருவது 6000க்கு 4000 பிக்சல். 12க்கு 18 அங்குலத்துக்கும் அதே 3க்கு 2 விகிதம்தான், எதுவும் வீணாகாது. அகலத்தில் முக்கால் பங்கு மிஞ்சினால் 4500க்கு 3000, அச்சில் அங்குலத்துக்கு 250 புள்ளி, நன்றாக வரும். பாதியாக வெட்டினால் 166 ஆகிவிடும், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குக் கூர்மை போனது தெரியும். போனில் எடுத்த 4க்கு 3 படமென்றால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் போகும் என்பதை எடுக்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

திருத்தத்தில் மூன்றே செய்யுங்கள்: நிழலைக் கொஞ்சம் தூக்குவது, வெளுத்த இடத்தை அடக்குவது, நிறத்தைச் சரிசெய்வது. தெளிவு, ஹெச்டிஆர் போன்ற ஸ்லைடர்களைத் தள்ளினால் முதியவர்களின் தோல் சாம்பல் பூசியது போல ஆகிவிடும், விளிம்புகளில் வெள்ளை வளையம் வரும். கறை, கம்பி, காகிதத் துண்டு எதையும் அழிக்காதீர்கள். ஒரு புள்ளியை அழித்தாலும் மூலக் கோப்போடு வைத்துப் பார்க்கையில் தெரிந்து படம் நீக்கப்படலாம். போனில் திருத்துபவர்கள் ‘மேம்படுத்து’ போன்ற பொத்தான்களைத் தொடவே வேண்டாம், சில செயலிகளில் அதற்குப் பின்னால் ஏஐ வேலை செய்கிறது.

திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். முழுப் பிரகாசத்தில் சரியாகத் தெரியும் புளிக் குவியல் காகிதத்தில் ஒரே கறுப்பாக இறங்கும். இறுதிக் கோப்பை நகரத்து லேபில் 6க்கு 9 அளவில், மேட் தாளில் ஒரு சோதனை அச்சு போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குவியலுக்குள் தனித்தனிப் பழம் தெரியவில்லையென்றால் நிழலை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். லேபில் ‘தானாகத் திருத்தம் வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் அவர்கள் இயந்திரம் செய்யும் மாற்றத்தைப் பார்த்து நீங்கள் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

ஏற்றுமதி: நிற வகை எஸ்ஆர்ஜிபி, அளவு 4500க்கு 3000, ஜேபெக் தரம் 90. பெரும்பாலும் 8 எம்பிக்குள் அடங்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக யாருக்கும் அனுப்பி அங்கிருந்து மறுபடி எடுக்காதீர்கள், அளவும் குறையும், எடுத்த தேதி முதலிய விவரங்களும் அழிந்துவிடும். நண்பர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போடாதீர்கள், ‘வெளியாகாத படம்’ என்ற விதியை மீறியதாக அது போதும்.

விளக்கக் குறிப்பு கேட்டால் உணர்ச்சி வசனம் வேண்டாம். ‘பாலக்கோடு அருகே, பிப்ரவரி. ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிரிக்கும் தொழிலாளி. கூலி கிலோ கணக்கில்.’ இவ்வளவு போதும். பெயரைப் போடுவதற்கு அவர் சம்மதித்திருந்தால் பெயரையும் போடுங்கள், ‘தொழிலாளி’ என்பதைவிட அது மேல்.

மார்ச் 10 கடைசி நாள் என்றால் 7ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள், கடைசி இரவில் பதிவேற்றம் நடுவில் நின்றால் கேட்க ஆள் இருக்காது. ஒப்புதல் தாள்களைப் போனில் படம் பிடித்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். முடிவு வரும்வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம், தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கேட்கக்கூடும்.